பின்வளவில் நாலு வீடு

2018 அக்டோபரில் எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மஞ்சள் தாள் கட்டியிருந்தது. கடைக்குப் போகையிலும் வருகையிலும் இரண்டு கிழமையாக அதைக் கடந்து நடந்திருக்கிறேன், நின்று வாசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா வேலிக்கு மேலால் கூப்பிட்டு, "கடிதம் வரவில்லையா, பின்னால் நாலு வீடு கட்டப் போகிறார்களாமே" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்துதான் இருந்தது. பீட்சாக் கடை விளம்பரங்களுக்குள் செருகிக் கிடந்தது. அந்த வீடுகளுக்கு அனுமதி கொடுப்பது பற்றிக் கருத்துச் சொல்ல 21 நாள் தந்திருந்தார்கள். அதில் மிச்சம் எட்டு நாள்.

நாங்கள் இருப்பது வடமேற்கு லண்டனில், மெட்ரோபொலிற்றன் ரயில் பாதையை ஒட்டி 1930களில் எழுந்த தெருக்களில் ஒன்று. ரயில் கம்பனி தன் பாதையோர நிலங்களுக்கு 'மெட்ரோலாண்ட்' என்று பெயர் வைத்து, நகரத்தில் வேலை, நாட்டுப்புறத்தில் வீடு என்று சொல்லி ஆட்களை இழுத்த காலம். வீடுகள் சிறியவை. பின்வளவுகள்தான் நீளம். எங்களுடையது 12 மீற்றர் அகலம், 45 மீற்றர் நீளம். அந்த நீளத்தைப் பார்த்துத்தான் 2004இல் தலைக்கு மேல் கடன்பட்டு வாங்கினோம். கோடியில் ஒரு பேரி மரம், முந்தி இருந்தவர்கள் வைத்தது. அதற்கு முன்னால் என் பொலித்தீன் கூடாரம்: புடோல், பயற்றங்காய், வைகாசிக்குப் பிறகு வெளியே கீரைப் பாத்தி. யாழ்ப்பாணத்தில் வளவு விட்டு வந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று விளக்கத் தேவையில்லை.

எங்களுக்கு இடப்பக்கத்து இரண்டு வீட்டுக்காரரும் தங்கள் வளவின் பின்பகுதியை ஒரு கட்டுமானக்காரருக்கு விற்க உடன்பட்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் 24க்கு 30 மீற்றர், எங்கட யாழ்ப்பாணக் கணக்கில் மூன்று பரப்புக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வீட்டின் காராஜை இடித்து, உள்ளே போக ஒரு ஒழுங்கை, அதாவது ஒடுக்கமான பாதை, விட்டு, உள்ளே நாலு மாடிவீடுகள். கடைசி வீட்டின் சுவர் எங்கள் வேலியிலிருந்து ஒரு மீற்றர்.

இங்கிலாந்தில் இதை 'தோட்டம் பிடுங்குதல்' என்ற பொருள்பட ஒரு சொல்லால் சொல்வார்கள். பல வருடமாக ஓடுகிற சண்டை. 2010 ஜூன் வரைக்கும் வீட்டுத் தோட்டமும் சட்டத்தின் கண்ணில், கைவிட்ட தொழிற்சாலை நிலம்போல, 'முன்பே கட்டடம் கண்ட நிலம்' என்ற வகைக்குள் இருந்தது. அந்த வகை நிலத்தில் முதலில் கட்டுங்கள் என்பதுதான் அரசாங்கத்தின் சொல். ஆகவே தோட்டத்தில் கட்ட வந்தவரைத் தடுக்கக் கவுன்சில்களின் கையில் பலம் இருக்கவில்லை. 2010இல் புதிதாக வந்த கூட்டணி அரசாங்கம் தோட்டங்களை அந்த வகையிலிருந்து எடுத்தது. ஒரு ஹெக்டேருக்குக் குறைந்தது 30 வீடு என்ற நிபந்தனையையும் நீக்கியது. 2012இல் வந்த தேசியத் திட்டக் கொள்கை, பொருந்தாத தோட்டக் கட்டடங்களை மறுக்கும் கொள்கையைக் கவுன்சில்கள் தாங்களே வகுத்துக்கொள்ளலாம் என்றது. வடமேற்கு லண்டனின் ஹரோ கவுன்சில் 2013இலேயே தோட்ட நிலத்துக்கென்று தனி வழிகாட்டி ஒன்றை ஏற்றுக்கொண்டது. தெற்கு லண்டனின் குறொய்டன் கவுன்சில் மறுபக்கம் போனது: 2019இல் புறநகர்த் தெருக்களில் நெருக்கமாகக் கட்ட வழிகாட்டி ஒன்றைக் கொண்டுவந்து, அதுவே பெரிய அரசியலாகி, 2022இல் முதன்முறையாக நேரடியாகத் தெரிவான மேயர் வந்த கையோடு அதை ரத்துச் செய்தது. ஒரே நகரம், ஒரே மாதிரித் தோட்டங்கள். எந்தக் கவுன்சில், எந்த வருடம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். யாராவது "தோட்டத்தில் கட்டவே முடியாது" என்றோ "கட்டுவதை நிறுத்தவே முடியாது" என்றோ சொன்னால் நம்பாதீர்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எட்டு நாளில் முதல் மூன்றை வீணாக்கினேன்.

முதல் இரவே எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டின் விலை இறங்கிவிடும், பேரி மரத்துக்கு மேலால் தெரிகிற வானம் மறைந்துவிடும், கட்டுபவருக்குக் காசுதான் கண், எங்களைக் கேட்காமல் வேலியோரம் பள்ளம் தோண்டப் போகிறார்கள் என்று இரண்டு பக்கம். எழுதி முடித்தபோது நெஞ்சு லேசானது. அடுத்த நாள் வேலையிடத்தில், முன்பு ஒரு கவுன்சிலில் கட்டட அனுமதிகளைப் பார்க்கிற திட்டப் பிரிவில் இருந்த அக்கா ஒருவரிடம் காட்டினேன். அவ வாசித்துவிட்டு ஒவ்வொரு பந்தியாகப் பேனையால் கோடிழுத்தா.

"விலை குறையும் எண்டது எடுபடாது. காட்சி மறையும் எண்டதும் எடுபடாது. ஆர் கட்டினம், ஏன் கட்டினம் எண்டதை அவை பார்க்கவே ஏலாது. வேலிப் பிரச்சினை தனிச் சட்டம். பிள்ளை, இதில ஒரு வரிகூட மிஞ்சேல்லை."

அன்றைக்கு அவ சொல்லித்தந்ததுதான் இந்த முழுக் கதையிலும் பெரிய உதவி. திட்ட அதிகாரி கணக்கில் எடுக்கக்கூடிய காரணங்கள் என்று ஒரு வட்டம் இருக்கிறது. வெளிச்சம் இழத்தல், உங்கள் அறைக்குள்ளும் வளவுக்குள்ளும் பிறர் பார்வை விழுதல், கட்டடம் முட்டி நிற்பதுபோன்ற நெருக்கம், சத்தம், வாகனப் பாதை, பார்க்கிங், மரங்கள், தண்ணீர் வடிதல், தெருவின் அமைப்பு. வட்டத்துக்கு வெளியே நின்று எவ்வளவு உரக்கக் கத்தினாலும் பயனில்லை. 'காட்சி போகும்' என்றால் தள்ளுவார்கள். 'என் சமையலறை யன்னலுக்கு எதிரே இத்தனை மீற்றரில் இத்தனை மீற்றர் உயரச் சுவர் வருகிறது' என்றால் அதே துயரம் கணக்கில் வருகிறது. இது எனக்கு முதலில் அநியாயமாகத்தான் பட்டது. பிறகு யோசித்தேன்: அயலவரின் மனத்தாங்கலை வைத்து முடிவெடுத்தால் இந்தத் தெருவில் எங்களைப் போன்ற குடும்பங்களையே விட்டிருக்க மாட்டார்கள். வட்டம் எங்களுக்கும் காவல்தான்.

கட்டுபவர் அனுமதி கேட்டுக் கொடுத்த மனுவின் வரைபடங்கள் எல்லாம் கவுன்சிலின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். தாளில் என்ன அளவு போட்டிருக்கிறதோ, அந்த அளவுத் தாளிலேயே அச்சடிக்க வேண்டும். ஏ3 படத்தை ஏ4இல் அடித்து ஸ்கேல் வைத்து அளந்தால் எல்லாம் பிழைக்கும். நான் அப்படித்தான் ஒரு மாலை முழுவதும் அளந்தேன். பிறகு லைப்ரரியில் ஏ3இல் எடுத்தேன். கணவரும் நானும் அளவு நாடாவோடு வெளியே போனோம்.

படத்தில் ஒழுங்கைக்கு 3.7 மீற்றர் அகலம் காட்டியிருந்தது. தீயணைப்பு வண்டி நுழையக் கட்டட விதிகள் கேட்கிற அகலம் அது. அந்த இடத்தில் நின்று பார்த்தால் அடுத்த வீட்டின் புகைபோக்கிச் சுவர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. படத்தில் அந்தப் புடைப்பே இல்லை. நாடா காட்டியது 3.2. தெருவிலிருந்து பின்கோடிக்கு 60 மீற்றருக்கு மேல். வீட்டின் எந்த மூலையிலிருந்தும் 45 மீற்றருக்குள் தீயணைப்பு வண்டி வந்து நிற்க வேண்டும் என்பது பொது விதி. இதுபோதும், வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்படி இல்லை. கட்டுபவரின் முகவர் அடுத்த கிழமையே நீர்தெளிப்பான் பூட்டுவோம் என்று எழுதிக் கொடுத்தார். தீ விஷயம் பெரும்பாலும் கட்டட ஒழுங்கு விதிக்குரியது, திட்ட அனுமதிக்குரியதல்ல என்று அதிகாரியும் சொன்னார். ஆனால் அந்த 50 சென்ரிமீற்றர் வேறு விதத்தில் கைகொடுத்தது. ஒரு கார் உள்ளே வரும்போது இன்னொன்று வெளியேற முடியாது. தள்ளுவண்டியோடு வருகிற தாய் ஒதுங்க இடமில்லை. குப்பைத்தொட்டியை வீட்டுக்காரர் 30 மீற்றருக்கு மேல் தூக்கிப் போகக் கூடாது, குப்பை அள்ளுபவர் 25 மீற்றருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது பொதுவான அளவு. இங்கே நாலு வீடு, வீட்டுக்கு மூன்று தொட்டி. குப்பை நாளில் 12 தொட்டிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நடைபாதையில் நிற்கும். இதை ஒரு படமாக வரைந்து கடிதத்தோடு இணைத்தேன். பெரிய சட்ட வாதங்களைவிட அந்த 12 தொட்டிப் படம்தான் பிறகு கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கிற திட்டக் கமிட்டியில் பேசப்பட்டது.

இதற்கிடையில் தெருவாசிகள் தேவாலய மண்டபத்தில் கூடினார்கள். நாற்பது பேர் இருக்கும். ஒரே வாசகத்தை எல்லாரும் கையெழுத்திட்டு அனுப்புவோம் என்று முதலில் முடிவாகியது. நாற்பது பேரின் ஒரே கடிதம் ஒரு காரணமாகவே எடைபோடப்படும், அவரவர் வீட்டிலிருந்து என்ன நடக்கும் என்று அவரவர் எழுத வேண்டும் என்று நான் அக்கா சொன்னதைச் சொன்னேன். பின்தெருவில் இருக்கிற அயர்லாந்துக்காரர் தன் படுக்கையறைக்கும் புதிய வீடுகளின் மேல்மாடி யன்னல்களுக்கும் இடையே 13 மீற்றர்தான் என்று அளந்து எழுதினார். வழக்கமாகக் கேட்கப்படுவது 21 மீற்றர். குஜராத்தி அம்மா தன் வளவில் ஒவ்வொரு மாரியிலும் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்பினா. இவை வேலை செய்தன.

அந்தக் கூட்டத்தில்தான் ஒருவர் எழுந்து, "நாலு வீடும் வாடகைக்குத்தான் போகும், எப்படிப்பட்ட ஆட்கள் வருவார்கள் என்று நமக்குத் தெரியும்" என்றார். சிலர் தலையாட்டினார்கள். எனக்கு முகம் சூடேறியது.

1993இல் நான் இந்த நாட்டுக்கு வந்தபோது ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டின் பின்வளவில், கொட்டில் என்று சொல்லத்தக்க ஒற்றை அறையில் பதினாலு மாதம் இருந்தேன். ஹீற்றர் இல்லை, குளிக்க வீட்டுக்குள் போக வேண்டும், இரவு பத்துக்குப் பிறகு போகக் கூடாது. வாடகை வாங்கியவரும் எங்கட ஆள்தான். பின்வளவில் அனுமதியோடு ஒழுங்காகக் கட்டிய வீடு என்பது அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தால் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தியிருப்பேன். மண்டபத்தில் எழுந்து அதைச் சொன்னேன். "அந்த மாதிரி ஆள் நான்தான். எனக்கு இந்தத் திட்டம் வேண்டாம். ஏனென்றால் இது கெட்ட திட்டம். வருகிற ஆட்களுக்காக எதிர்ப்பதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள்." கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அயர்லாந்துக்காரர், தன் தகப்பன் வந்தபோது வாடகை வீட்டு வாசல்களில் அயர்லாந்துக்காரருக்கு இடமில்லை என்று எழுதியிருந்ததைச் சொன்னார். அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை. எழுந்திருந்தால் எங்கள் எல்லாக் கடிதங்களுக்கும் அது நஞ்சாகியிருக்கும். அதிகாரிகள் அப்படியான வரிகளைக் கண்டால் கடிதத்தையே ஒதுக்கிவிடுவார்கள்.

நவம்பரில் கட்டுபவரிடமிருந்து எங்களுக்கே ஒரு கடிதம் வந்தது. எங்கள் வளவின் பின்பாதியையும் விற்க விருப்பமா, சேர்த்தால் ஆறு வீடு கட்டலாம் என்று. போட்டிருந்த தொகை எங்கள் மிச்சக் கடனை அடைத்துவிடும். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மகன் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. அவனுக்கு அப்போது 27. சம்பளத்தில் பாதியைச் சேமித்தும் லண்டனில் ஒரு அறை ஃபிளாட்டுக்கு முற்பணம் சேரவில்லை.

"அம்மா, நீங்க எதிர்க்கிற வீடுதான் என்ர வயசுக்காரருக்கு வேணும். பேரி மரத்தையும் பாருங்கோ, என்னையும் பாருங்கோ."

நாங்கள் விற்கவில்லை. ஆனால் அவன் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. லண்டன் மேயரின் புதிய திட்ட வரைவு அந்த நேரம் விவாதத்தில் இருந்தது. 2017 டிசம்பரில் வந்த அந்த வரைவு, ரயில் நிலையத்திலிருந்து 800 மீற்றருக்குள் இருக்கிற சின்ன நிலங்களில், வீட்டுத் தோட்டம் உட்பட, கட்டுவதற்குச் சாதகமாகவே முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னது. சின்ன நிலங்களிலிருந்து மட்டும் வருடத்துக்கு ஏறத்தாழ 24,500 வீடு என்று கணக்கு. கட்டுபவரின் முகவர் தன் அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் இதைத்தான் காட்டினார். எங்கள் பக்கமோ அப்போது நடைமுறையில் இருந்த பழைய லண்டன் திட்டத்தையும், தோட்டக் கட்டடத்தை மறுக்கலாம் என்ற எங்கள் கவுன்சிலின் கொள்கையையும் காட்டியது. வரைவுக்கு எவ்வளவு எடை, நடைமுறைத் திட்டத்துக்கு எவ்வளவு எடை என்பதுதான் சட்டத்தில் உண்மையான கேள்வி. 2019 அக்டோபரில் அந்த வரைவைப் பரிசோதித்த குழு, சாதகமாக முடிவெடுக்க வேண்டும் என்ற பகுதியை நீக்கச் சொன்னது. சின்ன நிலங்களின் இலக்கும் சுமார் 12,000 ஆகக் குறைந்தது. 2021 மார்ச்சில் வந்த இறுதித் திட்டம் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் வழக்கு அதற்கு முன்பே கமிட்டிக்குப் போய்விட்டது.

கமிட்டிக்குப் போனதே கவுன்சிலர் ஒருவர் கேட்டதால்தான். இந்த அளவு மனுக்களை வழக்கமாக அதிகாரியே முடிவு செய்துவிடுவார். வட்டாரக் கவுன்சிலர் உரிய நாளுக்குள், திட்டக் காரணம் காட்டி, இதைக் கமிட்டிக்கு அனுப்புங்கள் என்று எழுத வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் போச்சு. நான் கவுன்சிலரைச் சந்தித்து, "எங்களுக்கு வாக்களிப்பீர்களா" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. கமிட்டியில் இருக்கிற கவுன்சிலர் முன்கூட்டியே மனத்தை மூடிக்கொண்டார் என்று ஆனால் அவர் வாக்களிக்க முடியாமலும் போகலாம், முடிவே நீதிமன்றத்தில் உடையவும் கூடும். அவர்களிடம் வாக்குறுதி கேட்காதீர்கள். வந்து இடத்தைப் பாருங்கள் என்று கேளுங்கள். அவர் வந்தார். புகைபோக்கியின் பக்கத்தில் நின்று கையை விரித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

கூட்டத்துக்கு ஐந்து வேலை நாள் முன்பு அதிகாரியின் அறிக்கை வெளியானது. சிபாரிசு: அனுமதி கொடுக்கலாம். எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அழாத. அறிக்கையை வரிவரியா வாசி. அவையின்ர சொல்லிலயே எங்க பிழை இருக்கெண்டு பார்" என்றா. எட்டாம் பக்கத்தில் இருந்தது: ஒழுங்கையின் அகலம் 3.7 மீற்றர், ஆகவே ஏற்கத்தக்கது. அவர்கள் படத்தை அளந்திருந்தார்கள், இடத்தை அளக்கவில்லை. நாடாவை விரித்து வைத்து எடுத்த படத்தை அன்றிரவே எல்லாக் கமிட்டி உறுப்பினர்களுக்கும் அதிகாரிக்கும் அனுப்பினேன்.

2019 பெப்ரவரியில் கூட்டம். பேச மூன்று நிமிடம். ஆங்கிலத்தில் 350 சொல்லுக்கு மேல் அந்த நேரத்துக்குள் அடங்காது. வீட்டில் மகன் ஸ்டொப்வாட்ச்சோடு உட்கார்ந்து பதினைந்து தரம் சொல்லவைத்தான், எனக்கு மறுபேச்சுப் பேசியவனேதான். வணக்கம் கூறவும் நன்றி கூறவும் செலவழிக்கிற நொடிகளைக்கூட வெட்டினான். தோட்டம் பற்றி ஒரே ஒரு வரி வைத்தேன்; மிச்சமெல்லாம் அளவுகள். கடைசியில், இங்கே வீடே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை, இந்த நாலு வீட்டை மறுக்கச் சொல்கிறோம் என்றேன். முகவருக்கும் மூன்று நிமிடம். அவரும் நல்லாகவே பேசினார். லண்டனில் வீட்டுக்காகக் காத்திருக்கிறவர்கள் இந்த அறைக்குள் இல்லை என்றார். அது உண்மை. என் மகன் மட்டும்தான் பார்வையாளர் வரிசையில் இருந்தான்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள், ஏனென்றால் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒரு கவுன்சிலர் "எனக்கு இது பிடிக்கவில்லை, மறுப்போம்" என்றார். உடனே சட்ட ஆலோசகர், காரணம் என்ன, எந்தக் கொள்கை என்று கேட்டார். காரணமில்லாமல் மறுத்தால் மேன்முறையீட்டில் தோற்பதோடு செலவையும் கவுன்சில் கட்ட நேரிடலாம். அறை அமைதியானது. எங்கள் வட்டாரக் கவுன்சிலர் என் கடிதத்தை எடுத்து, ஒழுங்கையின் பாதுகாப்பு, குப்பை ஏற்பாடு, பின்தெரு வீடுகளின் மேல் விழும் பார்வை, எங்கள் வேலியோரச் சுவரின் நெருக்கம் என்று நாலையும், அவற்றோடு பொருந்துகிற கொள்கை எண்களையும் வாசித்தார். கொள்கை எண்களை நான் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். ஆறுக்கு மூன்று, ஒருவர் நடுநிலை. மறுக்கப்பட்டது.

கொண்டாடினோம். அது அவசரம். கட்டுபவருக்கு மேன்முறையீடு செய்ய ஆறு மாதம் இருக்கிறது. அனுமதி கொடுத்திருந்தால் எங்களுக்கு அந்த உரிமை இல்லை. மேன்முறையீடு பிரிஸ்ரலில் இருக்கிற திட்ட ஆய்வகத்துக்குப் போகும். நாங்கள் முன்பு எழுதிய கடிதங்களை அவர்களுக்கு அனுப்புவார்கள் என்றாலும், கமிட்டியின் காரணங்களுக்கு ஏற்றபடி சுருக்கி மறுபடியும் எழுதினேன். ஆய்வாளர் ஒரு புதன்கிழமை தனியாக வந்தார். எங்கள் வளவுக்குள் இருந்து பார்க்க வேண்டும் என்றார். அவரோடு வாதாட முடியாது. எதையாவது கையால் காட்டலாம், அவ்வளவுதான். நான் பேரி மரத்தடியில் நின்று வேலியைக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் அந்த இடத்திலேயே நின்றார்.

தீர்ப்பு ஆறு கிழமையில் வந்தது. மேன்முறையீடு தள்ளுபடி. காரணங்கள் ஒழுங்கை, பார்வை, சுவர். ஆனால் தோட்டத்தில் கட்டினால் தெருவின் அழகு கெடும் என்று நாங்கள் எழுதியதை அவர் ஏற்கவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது என்றார். அதாவது, கொள்கையளவில் அங்கே ஏதோ ஒன்று கட்டலாம். தீர்ப்பின் அந்த ஒரு வரி அடுத்த மனுவுக்கு வழிகாட்டி. மறுப்புத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு மறுத்தார் என்பதைவிட எதற்கு மறுக்கவில்லை என்பதைக் கவனமாக வாசியுங்கள்.

2021இல் புதிய மனு: இரண்டு வீடு, கூரைக்குள் ஒரு அறை, எங்கள் வேலியிலிருந்து நாலு மீற்றர் தள்ளி. கார் உள்ளே வராது. குப்பைக்குத் தெருமுகப்பில் மூடிய அறை. தெருவில் பலர் மறுபடி எதிர்க்கக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அது சிலருக்கு இன்றும் கோபம். மண்டபத்தில் நான் சொன்னது என்னை விடவில்லை. நாங்கள் கேட்ட எல்லாவற்றையும் மாற்றிக் கொண்டுவந்திருக்கும்போது இன்னும் வேண்டாம் என்றால், அன்றைக்கு அந்த மனிதர் சொன்னதைத்தான் நானும் மனத்துக்குள் வைத்திருந்தேன் என்றாகும். இன்னொன்றும் உறுத்தியது. 2010 வாக்கில் லண்டன் தோட்டங்களை ஆராய்ந்தவர்கள், பச்சை குறைவதற்குப் பெரிய காரணம் பின்வளவில் வீடு கட்டுவதல்ல, வீட்டுக்காரர்களே கல் பதிப்பதும் கொட்டில் போடுவதும்தான் என்று கண்டார்கள். எதிர்த்துக் கத்திய பாதிப்பேரின் முன்வளவு காருக்காகக் கல் பதித்தது. எங்களுடையதும்தான்.

ஆகவே எதிர்ப்புக்குப் பதிலாக நிபந்தனைகளைக் கேட்டு எழுதினேன். இது பலருக்குத் தெரியாத வழி. வேலை தொடங்குமுன் மரங்களைச் சுற்றிக் காப்பு வேலி. பின்கோடியில் இருக்கிற ஓக் மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை. அதை யாரும் கவுன்சிலிடம் கேட்கலாம், பிறப்பித்த அன்றே தற்காலிகமாக ஆறு மாதத்துக்கு நடைமுறைக்கு வரும். எங்கள் பக்கத்து யன்னலுக்கு மங்கல் கண்ணாடி, அறைத் தரையிலிருந்து 1.7 மீற்றருக்குக் கீழே திறக்கக் கூடாது. பின்னாளில் அனுமதியின்றிக் கூரையை உயர்த்தாதபடி அந்த உரிமையை நீக்குதல். வேலை நேரம் காலை எட்டு முதல் மாலை ஆறு, சனிக்கிழமை ஒரு மணிவரை. நாலைத் தந்தார்கள், ஓக் மரத்துக்குத் தனியாக ஆணை வந்தது. அயலவரின் கட்டடத்திலிருந்து மூன்று மீற்றருக்குள், அதன் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் 1996ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டப்படி முன்னறிவித்தல் தர வேண்டும். அது திட்ட அனுமதியோடு சேர்ந்ததல்ல, நீங்களே கவனித்துக் கேட்க வேண்டும்.

2023 கோடையில் வேலை முடிந்தது. யன்னலைப் பார்த்தேன்: தெளிந்த கண்ணாடி, முழுதாகத் திறக்கிறது. நிபந்தனை எண்ணைப் போட்டு, படத்தோடு, அமலாக்கப் பிரிவுக்கு எழுதினேன். நாலு மாதம் எடுத்தது, மூன்று நினைவூட்டல். ஒரு நாள் வந்து மாற்றினார்கள்.

அடுத்த கிழமை அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிற ருமேனியப் பெண்ணை ஒழுங்கை வாசலில் கண்டேன். கைக்குழந்தையோடு குப்பை கொண்டுவந்தா. பிள்ளைக்குப் பேர் கேட்டேன், சொன்னா. பிறகு, கண்ணாடியை மாற்றியதிலிருந்து அறையில் இருந்து அந்தப் பேரி மரம் தெரிவதில்லை என்றா, காய்த்திருந்தபோது தினமும் பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன் என்று.

நான்தான் எழுதி மாற்றவைத்தேன் என்று சொன்னேன். அவ தெரியும் என்று தலையாட்டினா. புரட்டாசியில் காய் விழத் தொடங்கியதும் ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது பிள்ளையோடு பின்கதவால் வந்து மரத்தடியில் நிற்கிறா. வேலியில் ஒரு பலகையைக் கணவர் கழற்றிவிட்டிருக்கிறார்.